புள்ளி மறைந்தாலும் மருந்தை நிறுத்தாதீர்கள்



"வெள்ளைப் புள்ளி" என்ற சொல்லைக் கேட்டால் கலங்காத குடும்பங்கள் நமது கரையோரத்தில் குறைவு. சிலாபம், முந்தல், மதுரங்குளி, புத்தளம் என்று நீளும் இறால் பண்ணைகளை 1996இல் அந்த நோய் தாக்கியபோது, நகைகளை அடகு வைத்துப் பண்ணை போட்டவர்கள் பலர் அனைத்தையும் இழந்தார்கள். கைவிடப்பட்ட பண்ணைக் குளங்கள் சில இன்றும் வெறுமையாகக் கிடப்பதைப் பேருந்தில் போகும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அதே பெயருடைய ஒரு நோய் நமது வீடுகளில் உள்ள கண்ணாடி மீன்தொட்டிக்கும் வருகின்றது. பிள்ளை ஆசையாக வளர்க்கும் தங்கமீனின் வாலில் ஒரு நாள் காலை உப்புத் தூவியதுபோல நாலைந்து புள்ளிகள் தெரியும். அடுத்த இரண்டு நாட்களில் உடல் முழுவதும் பரவிவிடும். நான்காம் நாள் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கும். வீட்டில் சீமெந்துத் தொட்டி கட்டி, கப்பியும் மொலியும் பெருக்கி விற்றுக் கைச்செலவுக்கு நாலு காசு தேடும் சகோதரிகளுக்கு இது பிள்ளையின் அழுகையோடு நிற்பதில்லை. ஒரு மாத வருமானமே போய்விடும். ஆகவே இம்மாதம் இப்பகுதியில் நன்னீர் மீன்தொட்டியில் ஏற்படும் ஒட்டுண்ணி நோய்களையும், அவற்றுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சிகிச்சையையும் பார்ப்போம்.

பெயர் ஒன்று, நோய் வேறு

முதலில் ஒரு பயத்தை நீக்கிவிடுவோம். இறாலுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய் ஒரு வைரசினால் உண்டாவது. அதற்கு இன்றுவரை மருந்து கிடையாது. வராமல் தடுப்பது ஒன்றே வழி. மீன்தொட்டியில் வரும் வெள்ளைப்புள்ளி நோய் வேறு. அதை உண்டாக்குவது, ஒரே கலத்தாலான மிகச் சிறிய ஓர் ஒட்டுண்ணி. "இக்தியோப்திரியஸ்" என்பது அதன் விஞ்ஞானப் பெயர். மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக "இக்" என்பார்கள். இது இறாலில் இருந்து வந்ததும் அல்ல, இறாலுக்குப் போவதும் அல்ல. மனிதருக்கும் இது தொற்றாது. பிள்ளை தொட்டிக்குள் கையை விட்டுவிட்டதே என்று பதற வேண்டியதில்லை. ஆயினும் கையில் காயம் இருந்தால் மீன்தொட்டி நீரில் கை வைக்காதிருப்பதும், வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும் எப்போதும் நல்லது. அந்த நீரில் வேறு கிருமிகள் இருக்கலாம்.

இந்த ஒட்டுண்ணிக்கு மருந்து உண்டு. ஆனால் மருந்து போட்டும் மீன்கள் இறந்துவிட்டன என்று சொல்பவர்களே அதிகம். பெரும்பாலான வீடுகளில் காரணம் ஒன்றுதான்: புள்ளி மறைந்தவுடன் மருந்தை நிறுத்திவிடுகின்றார்கள். ஏன் அப்படி நிறுத்தக்கூடாது என்பது இந்த ஒட்டுண்ணி வாழும் விதத்தை அறிந்தால் எளிதில் விளங்கும்.

மூன்று இடங்களில் வாழும் எதிரி

நாம் வெள்ளைப் புள்ளியாகக் காண்பது மீனின் தோலுக்குள் புதைந்திருந்து அதன் சதையைத் தின்று வளரும் ஒட்டுண்ணியையே. அதன் மேல் மீனின் தோல் ஒரு போர்வைபோல மூடியிருக்கும். அதனால் நீரில் போடும் எந்த மருந்தும் அங்கே அதைத் தொடுவதில்லை. இது முதலாவது கட்டம்.

சில நாட்களில் நன்றாக வளர்ந்ததும் அது மீனை விட்டுக் கழன்று கீழே விழுகின்றது. அடியிலுள்ள மணலிலோ, கல்லிலோ, தாவரத்திலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொள்கின்றது. உறைக்குள் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்து, நூற்றுக்கணக்கில், சில வேளைகளில் ஆயிரத்துக்கு மேலும் பெருகுகின்றது. இந்த உறைக்குள்ளும் மருந்து எளிதில் புகாது. இது இரண்டாவது கட்டம். இந்த நேரத்தில் மீனைப் பார்த்தால் புள்ளி இராது. "அப்பாடா, சுகமாகிவிட்டது" என்று நாம் நினைப்பது இப்போதுதான்.

பின்னர் உறை வெடித்து, அத்தனை குஞ்சுகளும் நீரில் நீந்தி வெளியே வருகின்றன. சுமார் இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் அவை இறந்துவிடும். இந்த மூன்றாவது கட்டத்தில் மட்டுமே மருந்து அவற்றைக் கொல்லும்.

ஆகவே சகோதரிகளே, நாம் மருந்து போடுவது மீனுக்கு அல்ல, தண்ணீருக்கு. மீனில் உள்ளதைக் கொல்ல நம்மால் முடியாது. அது கழன்று விழுந்து, பெருகி, வெளியே வரும் வரை தண்ணீரில் மருந்து காத்திருக்க வேண்டும். எல்லாப் புள்ளிகளும் ஒரே நாளில் விழுவதில்லை, எல்லா உறைகளும் ஒரே நாளில் வெடிப்பதும் இல்லை. அதனால்தான் நாள் கணக்கு மிக முக்கியம்.

இந்தச் சுற்று எவ்வளவு காலம் எடுக்கும் என்பது நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. 25 பாகை செல்சியஸ் அளவில் மூன்று முதல் ஆறு நாட்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். 10 பாகை அளவிலான குளிர்நீரில் அதே சுற்று ஒரு மாதத்துக்கும் மேல் இழுக்கும். நமது கரையோரத்து வெப்பத்தில் நோய் வேகமாகப் பரவுவதற்கு இதுவே காரணம். அதே வெப்பம் நமக்கு உதவியும் செய்கின்றது. சுற்று வேகமாக முடிவதால் சிகிச்சையையும் இரண்டு கிழமையில் முடித்துவிடலாம்.

இந்தச் சின்ன உயிரின் பலத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா நாடுகளுக்கு இடையில் உள்ள டிட்டிக்காக்கா ஏரியில் 1981இல் இதே ஒட்டுண்ணி பெருகியபோது, சுமார் 1 கோடி 80 இலட்சம் மீன்கள் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவ்வளவு பெரிய ஏரிக்கே அந்த நிலை என்றால், நெரிசலாக மீன் வைத்திருக்கும் இரண்டடித் தொட்டிக்குச் சொல்ல வேண்டுமா?

நோய்தானா என்று முதலில் பாருங்கள்

அவசரப்பட்டு மருந்து போடுவதற்கு முன், ஐந்து நிமிடம் தொட்டியின் முன் அமர்ந்து அவதானியுங்கள்.

புள்ளிகள் தனித்தனியாக, உப்புக் கல் அளவில், செட்டையிலும் உடலிலும் சிதறி இருந்தால், மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உடலை உரசிக்கொண்டு திரிந்தால், அது பெரும்பாலும் வெள்ளைப்புள்ளி நோயே.

ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் முன் செட்டையின் விளிம்பிலும் மட்டும் ஒழுங்கான வெள்ளைப் பொட்டுகள் இருந்தால் அது நோய் அல்ல. இனப்பெருக்க காலத்தில் ஆண் மீனுக்கு இயல்பாக வருவது. அதற்கு மருந்து போட வேண்டாம்.

பஞ்சு ஒட்டியதுபோல இருந்தால் அது பூஞ்சணம். பெரும்பாலும் காயம் பட்ட இடத்தில் வரும்.

புள்ளிக்குப் பதிலாகப் பொன்னிறத் தூள் படிந்ததுபோல இருந்தால் அது வெல்வெற் நோய். அறையை இருட்டாக்கி, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

உடலில் எதுவுமே இல்லாமல் எல்லா மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால், ஒட்டுண்ணியைத் தேடாதீர்கள். தண்ணீர் கெட்டுவிட்டது என்பதே அநேகமாகக் காரணம். மிஞ்சிய உணவும் கழிவும் அழுகி நஞ்சாகியிருக்கும். மூன்றில் ஒரு பங்கு நீரை உடனே மாற்றுங்கள். அதற்குப் பிறகும் ஒரு பக்கச் செவுள் மூடிக்கொண்டு மீன் தவித்தால், கண்ணுக்குத் தெரியாத செவுள் புழுக்களைச் சந்தேகிக்கலாம். "பிரசிகுவன்டல்" என்ற மருந்தே அவற்றுக்கு நன்றாக வேலை செய்யும்.

நம்மூர் உப்பே முதல் மருந்து

வெள்ளைப்புள்ளிக்கு மலிவான, பயமில்லாத மருந்து உப்பு. புத்தளம், பாலாவி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு உப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வேறெதுவும் கலக்காத சாதாரண உப்பு போதும். 1995 முதல் நமது நாட்டில் வீட்டுப் பாவனை உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாக உள்ளது. அந்த அயடீன் மிகச் சிறிய அளவு என்பதால் மீனுக்குக் கெடுதி செய்யாது. ஆனால் மசாலா, வாசனை, நிறம் சேர்ந்த உப்புகள் கூடாது.

அளவுதான் முக்கியம். முதலில் தொட்டியில் எத்தனை லீற்றர் நீர் உள்ளது என்று கணக்கிடுங்கள். நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் லீற்றர் வரும். 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 25 உயரத்துக்கு நீர் உள்ள தொட்டியில் 45 லீற்றர். கல், மணல் பிடித்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் சுமார் 40 லீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு லீற்றருக்கு 3 கிராம் உப்பு என்பது சிகிச்சை அளவு. 40 லீற்றருக்கு 120 கிராம். மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டி உப்பு சுமார் 5 கிராம் வரும். கடையில் ஒரு முறை நிறுத்துப் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இந்த 120 கிராமையும் ஒரே தடவையில் கொட்டக்கூடாது. மூன்று பங்காகப் பிரித்து, முதல் நாள் காலை ஒரு பங்கு, மாலை ஒரு பங்கு, மறுநாள் காலை ஒரு பங்கு என்று போடுங்கள். ஒவ்வொரு தடவையும் தொட்டி நீரையே ஒரு யக்கில் எடுத்து, உப்பை முழுவதும் கரைத்து, மெதுவாகப் பரவலாக ஊற்றுங்கள். உப்புக் கல் நேரே மீனின் மேல் விழுந்தால் தோல் வெந்துவிடும்.

கப்பி, மொலி, பிளற்றி, தங்கமீன் ஆகியவை இந்த அளவைத் தாங்கும். மொலி கடல் நீரிலும் வாழப் பழகக்கூடிய மீன். ஆனால் அடியில் திரியும் செதிலில்லாத மீன்களுக்கும், கெளுத்தி இனங்களுக்கும் உப்பு ஒத்துவராது. அவற்றை வைத்திருப்பவர்கள் லீற்றருக்கு 1 கிராமுடன் தொடங்கி, மீன் வருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்தே கூட்ட வேண்டும். நீர்த் தாவரங்களில் சில உப்பில் வாடிவிடும். அவற்றை வேறு வாளியில் தனியே வைத்துவிடுங்கள். மீன் இல்லாத நீரில் பத்து நாட்கள் இருந்தால் அவற்றில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணியும் பசியால் இறந்துவிடும்.

"கடல் நீரை எடுத்து ஊற்றினால் என்ன, களப்பு நீர் வீட்டுக்குப் பின்னால்தானே இருக்கிறது?" என்று கேட்கலாம். வேண்டாம். கடல் நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. புத்தளம் களப்பு நீரோ மழைக்காலத்தில் ஒரு விதமாகவும், கடும் வரட்சியில் கடலையும் விட உவர்ப்பாகவும் இருக்கும். அளவு தெரியாத மருந்து மருந்தாகாது. வேறு உயிர்களும் அதில் சேர்ந்து வந்துவிடும். உங்கள் கிணற்று நீரே உவர்ப்பாக இருந்தால், அதில் ஏற்கெனவே உப்பு உண்டு என்பதை மனதில் வைத்துச் சற்றுக் குறைத்துப் போடுங்கள்.

பதினான்கு நாள் கணக்கு

சுவரில் தொங்கும் நாட்காட்டியில் உப்பு போடத் தொடங்கிய நாளை வட்டமிடுங்கள். பதினான்காம் நாளையும் வட்டமிடுங்கள். இந்த வேலையைப் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம்.

முதல் இரண்டு நாட்களில் உப்பைப் போட்டு முடிக்கின்றோம். புள்ளிகள் குறையாது. சில வேளைகளில் கூடவும் கூடும். பயப்படாதீர்கள். ஏற்கெனவே தோலுக்குள் புகுந்தவை இப்போது வளர்ந்து வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் முதல் ஒன்றுவிட்டு ஒரு நாள், அடி மணலில் குழாய் வைத்து நாலில் ஒரு பங்கு நீரை வெளியே எடுங்கள். மணலில் ஒட்டியிருக்கும் உறைகள் அதோடு போய்விடும். இது பாதி மருந்துக்குச் சமம். குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள். குழாயை முழுவதும் நீரில் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் மூடி வெளியே எடுத்துக் கீழே விட்டால் தானாக ஓடும். எடுத்த அளவுக்குப் புது நீரும், அந்த நீருக்குரிய உப்பும் சேர்க்க வேண்டும். 10 லீற்றர் மாற்றினால் 30 கிராம். நீர் வழங்கல் சபையின் குழாய் நீரானால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகே ஊற்றுங்கள்.

ஐந்தாம், ஆறாம் நாளளவில் மீன் பளிச்சென்று இருக்கும். நன்றாகச் சாப்பிடும். "இனி எதற்கு?" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். நாம் உறுதியாக நிற்க வேண்டிய நாள் அதுதான். மணலுக்குள் இருக்கும் உறைகள் இன்னும் வெடித்து முடியவில்லை. இன்று நீரை முழுவதும் மாற்றி உப்பை அகற்றினால், அடுத்த கிழமை முன்னையதை விடப் பன்மடங்கு புள்ளிகள் வரும். அப்போது ஏற்கெனவே களைத்துப்போன மீன் தாங்காது.

பதினான்காம் நாளுக்கு முந்திய ஒரு கிழமை முழுவதும் ஒரு புள்ளியும் தெரியவில்லை என்றால் சிகிச்சை முடிந்தது. இடையில் புள்ளி தெரிந்திருந்தால், கடைசிப் புள்ளி மறைந்த நாளில் இருந்து ஒரு கிழமை எண்ணுங்கள். பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை நாலில் ஒரு பங்கு நீரை உப்பில்லாமல் மாற்றிவர, உப்பு படிப்படியாகக் குறைந்துவிடும்.

இந்த நாட்களில் காற்றுப் பம்பி இரவு பகல் ஓட வேண்டும். சூடான நீரில் ஒட்சிசன் குறைவு. செவுளில் புண்பட்ட மீனுக்கு அது இன்னும் தேவை. மின்சாரம் நின்றால் ஒரு கோப்பையால் நீரை அள்ளி, ஒரு சாண் உயரத்தில் இருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருங்கள். உணவை அரைவாசியாகக் குறையுங்கள். சூடாக்கி வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். நமது வீடுகளில் பெரும்பாலான மாதங்களில் தொட்டி நீர் போதிய வெப்பத்துடனேயே இருக்கின்றது. மார்கழி, தை மாதங்களின் குளிர் இரவுகளிலும், மழை பெய்து நீர் திடீரெனக் குளிரும் நாட்களிலும்தான் மீனின் எதிர்ப்புச் சக்தி குறைந்து இந்நோய் தலைகாட்டும். அந்நாட்களில் தொட்டியை யன்னலோரத்தில் வைக்காதிருந்தால் போதும்.

கடை மருந்து வாங்கினால்

உப்பு ஒத்துவராத மீன்களுக்கும், நோய் முற்றிய நிலைக்கும் கடையில் பச்சை, நீல நிறப் போத்தல்களில் மருந்து கிடைக்கின்றது. பலவற்றில் "மலக்கைற் கிறீன்" என்ற சாயமும், சிலவற்றில் "போமலின்" என்ற திரவமும் உண்டு. இவை வேலை செய்யும். ஆனால் கவனம் தேவை.

மலக்கைற் கிறீனை உணவு மீன்களுக்குப் பாவிப்பதை ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் அனுமதிப்பதில்லை. உடலுக்குத் தீங்கானது என்று ஆய்வுகள் காட்டியதே காரணம். போமலின் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என வகைப்படுத்தப்பட்ட பொருள். ஆகவே கர்ப்பிணித் தாய்மார் இந்த மருந்துகளைக் கையாளவே வேண்டாம். மற்றவர்கள் கையுறை போட்டு, யன்னலைத் திறந்து வைத்துப் பாவியுங்கள். சமையலறை அளவுக் கரண்டியை இதற்கு எடுக்காதீர்கள். போத்தலைச் சோடாப் போத்தலுக்கு மாற்றி ஊற்றி வைப்பது மிக ஆபத்து. அதன் சொந்தப் போத்தலிலேயே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். சாப்பிடுவதற்காகத் திலாப்பியா வளர்க்கும் தொட்டியில் ஒரு துளியும் போடாதீர்கள்.

வடிகட்டியில் கரி இருந்தால் மருந்து போடுமுன் அகற்றுங்கள். கரி மருந்தை உறிஞ்சிவிடும். இரண்டு மருந்துகளை ஒன்றாகப் போடாதீர்கள். செதிலில்லாத மீன்களுக்கு லேபலில் சொன்ன அளவில் பாதியே போதும். இங்கேயும் நாள் கணக்கு அதேதான். புள்ளி மறைந்ததும் நிறுத்தக்கூடாது.

கண்ணுக்குத் தெரியும் ஒட்டுண்ணிகள்

குளத்தில் இருந்து பிடித்துவந்த மீன், அங்கிருந்து பிடுங்கிய தாவரம், வாய்க்காலில் அள்ளிய உயிருணவு இவற்றோடு வீட்டுக்கு வருபவை வேறு சில.

மீன் பேன் தட்டையாக, பயற்றம் பருப்பை விடச் சிறிதாக, கண்ணாடிபோல ஒளி ஊடுருவக்கூடியதாக இருக்கும். மீனின் மேல் ஊர்ந்து திரியும். ஈரத்துணியில் மீனைப் பிடித்து, சாவணத்தால் எடுத்துவிடலாம். ஆனால் அது கண்ணாடியிலும் கல்லிலும் முட்டை இட்டிருக்கும். அவற்றையும் சுரண்டி எடுத்துக் கல்லை வெயிலில் காயவைக்காவிட்டால் சில கிழமைகளில் மீண்டும் வரும்.

நங்கூரப் புழு வெள்ளை நூல் துண்டுபோல மீனின் உடலில் தொங்கும். அதன் தலை நங்கூரம்போலச் சதைக்குள் கொளுவியிருக்கும். உடலோடு சேர்ந்த இடத்தில் சாவணத்தால் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். அறுந்தால் தலை உள்ளே நின்று புண்ணாகும். ஒரு மாதம் வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பார்த்து, புதிதாக வருவனவற்றையும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கப்பியின் மலவாயில் சிவப்பு நூல்போல நீட்டிக்கொண்டு நிற்பது குடற்புழு. உப்பு இதற்கு உதவாது. ஆடு மாடுகளுக்குக் கொடுக்கும் "லெவமிசோல்" என்ற மருந்து இதற்கு உண்டு. அளவை அரச மிருக வைத்தியரிடம் கேட்டே பாவியுங்கள். பிள்ளைகளின் பூச்சிக் குளிசையைப் பொடித்துப் போடுவது வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கற்பிட்டிப் பக்கம் தோட்டம் செய்யும் வீடுகளில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கும் பூச்சிமருந்து எப்போதும் மூலையில் இருக்கும். "மீன் பேனும் ஒரு பூச்சிதானே, ஒரு சொட்டு விட்டால் என்ன?" என்று தோன்றலாம். ஏக்கர்க் கணக்கில் நிலத்துக்கு அளந்த மருந்தை நாற்பது லீற்றர் நீருக்கு நம்மால் அளக்க முடியாது. மீன் இறப்பது ஒருபுறம் இருக்க, அந்தத் தொட்டியில் கை வைப்பது நமது பிள்ளை. அந்த வேலைக்கு ஒருபோதும் போகாதீர்கள்.

பண்ணைகள் கற்ற பாடம்

வைரசு வேறு, ஒட்டுண்ணி வேறு என்று சொன்னோம். ஆனால் இரண்டும் ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் வழி ஒன்றுதான்: தண்ணீர். அன்று பல இறால் பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயில் இருந்தே நீரை எடுத்து, அதே கால்வாயிலேயே கழிவு நீரை விட்டன. ஒரு பண்ணையின் நோய் அடுத்த பண்ணைக்கு நீரோடு போனது. அதன் பிறகுதான் குஞ்சுகளைப் பரிசோதித்து வாங்குவதும், பகுதி பகுதியாக நாட்காட்டி வகுத்துப் பண்ணைகளுக்கு ஓய்வு கொடுப்பதும் வழக்கத்துக்கு வந்தன. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய நீர் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, அதாவது "நக்டா", இதை நெறிப்படுத்தி வருகின்றது. அலங்கார மீன் வளர்ப்புக்கும் அதே சபை பயிற்சி தருகின்றது. நமது மாகாணத்தில் குருநாகல் மாவட்டத்து ரம்பொடகல்லயில் அதன் அலங்கார மீன் நிலையம் உள்ளது. தொழிலாகச் செய்ய விரும்பும் சகோதரிகள் விசாரித்துப் பயன்பெறலாம்.

பண்ணைகள் பெருநட்டப்பட்டுக் கற்றதை நாம் ஒரு வாளியைக் கொண்டு செய்துவிடலாம்.

புதிதாக வாங்கிய மீனை நேரே தொட்டியில் விடாதீர்கள். ஒரு வாளியிலோ பெரிய பேசினிலோ காற்றுக் குழாய் வைத்து, இரண்டு மூன்று கிழமை தனியே வையுங்கள். கடைப் பையில் வந்த நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நோய்த் தொட்டிக்கு ஒரு வலை, மற்றத் தொட்டிக்கு ஒரு வலை என்று பிரித்து வையுங்கள். முடியாவிட்டால் பாவித்த வலையை நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி எடுங்கள். காய்ந்தால் இந்த ஒட்டுண்ணி பிழைக்காது. நோயில் இருந்து மீண்ட மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டாகும். ஆனாலும் அது நோயைச் சுமந்துகொண்டு இருக்கலாம். ஆகவே அதே தொட்டியில் உடனே புது மீன் சேர்க்காமல் ஒரு மாதம் பொறுத்திருங்கள்.

நோய்த் தொட்டி மீனையோ நீரையோ கால்வாயிலும் குளத்திலும் விடாதீர்கள். வளர்க்க முடியாமல் விடப்பட்ட "டேங்க் கிளீனர்" மீன் இன்று நமது நாட்டுக் குளங்களில் பெருகி, மீனவர் வலைகளுக்குத் தொல்லையாகிவிட்டதை அறிவீர்கள். உப்பு நீரை மரஞ்செடிக்கு ஊற்றாமல் வெற்று நிலத்தில் ஊற்றுங்கள். சாய மருந்து கலந்த நீரைக் கிணற்றின் அருகில் ஊற்றவே கூடாது. நமது மண் மணல். மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்குப் போக நீண்ட நேரம் எடுக்காது. இறந்த மீனை ஆழமாகப் புதையுங்கள்.

கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் நுளம்புக் குடம்பிகளைத் தின்பதற்காகக் கப்பி மீன் விட்டிருப்போம். அவற்றுக்கு நோய் வந்தால் அங்கே எந்த மருந்தும் போடாதீர்கள். அந்த நீரைக் குடிப்பவர்கள் நாம். மீன்களைப் பிடித்து வெளியே வாளியில் வைத்துச் சிகிச்சை செய்யுங்கள். வேகமாக நீந்தும் மீனைக் கிணற்றில் பிடிப்பது கடினம் என்றால், இருப்பவற்றை அப்படியே விட்டு, நன்றாக உள்ளவை பிழைத்துப் பெருகும் வரை பொறுத்திருங்கள். நுளம்பு வலையால் கிணற்றை மூடி வைத்தால் அதுவரை காரியம் நடக்கும். 2016இல் உலக சுகாதார அமைப்பு நமது நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. டெங்கு இன்னும் போகவில்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

சகோதரிகளே, மீனுக்கு வாய் திறந்து நோவைச் சொல்லத் தெரியாது. கண்ணாடிக்குள் அதை அடைத்து வைத்தவர்கள் நாம் என்பதால், பார்த்து அறிவதும் நம் பொறுப்பு. காய்ச்சல் விட்டதும் டொக்டர் தந்த குளிசையைப் பாதியில் நிறுத்தினால் காய்ச்சல் திரும்பும் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்கின்றோம். பதினான்கு நாள் நாட்காட்டியில் கோடு போட்டு, சுகமான மீனுக்கும் முறை தவறாமல் உப்பு அளந்து போடும் பிள்ளைக்கு அதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிராது.

அடுத்த மாதம், மீன்தொட்டி நீரை வாரா வாரம் மாற்றுவது எப்படி, எவ்வளவு தொட்டிக்கு எத்தனை மீன் வைக்கலாம் என்பவற்றைப் பார்ப்போம்.